அடிப்பதா, விடுவதா? வீடு புகும் வேட்டைப் பூச்சிகள்

வீட்டுக்குள் வந்துவிட்ட பூரானையோ தேளையோ சிலந்தியையோ என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரே விடை இருந்ததில்லை. செருப்பைத் தேடுகிற கையும், முறத்தில் அள்ளி வேலிக்கு அப்பால் கொட்டுகிற கையும், குளவிக் கூட்டை இடிக்காதே என்று தடுக்கிற கையும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன. பின்னால் மருந்து அடிக்கும் ஆளும் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை ஆதரிக்கும் சான்றும் ஓரளவு உண்டு. அவை ஒன்றோடொன்று மோதுவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் வேறு வேறு உயிரை மனத்தில் வைத்துப் பேசுவதுதான். மனத்தில் இருப்பது தேளா சிலந்தியா என்று சொல்லாமலே எல்லோரும் 'பூச்சி' என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

தமிழில் பூச்சி மிக அகலமான சொல். ஆறு கால் வண்டும் பூச்சி. எட்டுக்கால் சிலந்தியும் பூச்சி. இரவு நேரத்தில் பாம்பின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதற்காக அதையும் பூச்சி என்றே சொல்கிற வீடுகள் உண்டு. நடைமுறையில் இது தவறில்லை. எதுவாக இருந்தாலும் தள்ளி நில் என்பதே அந்தச் சொல் தரும் எச்சரிக்கை. ஆனால் அடுத்த கட்டமாக என்ன செய்வது என்று யோசிக்கும்போது அந்த அகலமே தடையாகிறது.

'காணாக்கடி' என்ற சொல் இதைவிடச் சுவையானது. உடம்பில் திடீரெனத் தடிப்பு எழுகிறது, அரிக்கிறது. கடித்தது எது என்று தெரியவில்லை. அதற்கு நாட்டு மருத்துவம் வைத்த பெயர் இது. தெரியாததைத் தெரியாதது என்றே ஒப்புக்கொண்ட பெயர் என்ற அளவில் அது நேர்மையான சொல்தான். அதே சமயம், எந்தத் தோல் தடிப்பையும் ஏதோ ஓர் உயிரின் கடியாகவே பார்க்கும் பழக்கத்தையும் அது வளர்த்திருக்கிறது. உணவு ஒவ்வாமையால் வரும் தடிப்பு பூரான் கடியாகிவிடுகிறது.

சிலந்தியின் கதை இன்னும் நீளமானது. பழைய வழக்கில் சிலந்தி என்பது எட்டுக்கால் உயிரின் பெயர் மட்டுமன்று, கட்டிக்கும் புண்ணுக்கும் அதுவே பெயர். குடிநீர் வழியாகப் பரவி, தோலைத் துளைத்து வெளிவரும் கினிப் புழு நோயை நரம்புச் சிலந்தி என்றார்கள். அந்த நோய் இந்தியாவிலிருந்து ஒழிந்துவிட்டதாக 2000-இல் சான்றளிக்கப்பட்டது. எந்தச் சிலந்திக்கும் அதில் பங்கில்லை. ஆனாலும் காரணம் புரியாத புண்ணைக் கண்டால் 'சிலந்தி ஊர்ந்திருக்கும்' என்று சொல்லும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது.

நஞ்சு உண்டு, ஆகவே கொல்

கொல்ல வேண்டும் என்ற நிலைப்பாட்டின் வலுவான சான்று தேள். அதிலும் செந்தேள். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ் 1798-இல் இதற்கு இட்ட இனப்பெயர் 'தமுலஸ்'. அந்தப் பெயரில் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியாவின் பல பகுதிகளிலும் யாழ்ப்பாணத்திலும் காணப்படும் இது, ஒரு விரல் நீளமே இருக்கும்.

இதன் நஞ்சு எப்படிக் கொல்கிறது என்பதை உலகுக்கு விளக்கியதில் மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கருக்கும் அவர் மனைவி பிரமோதினி பவஸ்கருக்கும் பெரும் பங்கு உண்டு. செந்தேள் நஞ்சு, உடலின் தானியங்கு நரம்புகளைக் கட்டுமீறித் தூண்டிவிடுகிறது. வியர்வை கொட்டும், வாந்தி வரும், கைகால்கள் சில்லிடும். முதலில் இரத்த அழுத்தம் எகிறும். பிறகு இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும். குழந்தைகள் இதில் விரைவாக இறந்துபோவார்கள். இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் பிராசோசின் என்ற மலிவான மாத்திரை இந்தச் சரிவைத் தடுக்கிறது என்று இருவரும் 1986-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அதன்பின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. 2011-இல் வெளியான அவர்களின் மற்றோர் ஆய்வில் 70 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். பிராசோசினோடு தேள் நஞ்சுமுறிப்பு மருந்தும் பெற்ற 35 பேரில் 32 பேர் பத்து மணி நேரத்தில் முழுதாகத் தேறினர். பிராசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் அந்த நேரத்தில் தேறியவர் 8 பேர். ஓர் ஊரக மருத்துவமனையில் பிறந்த இந்த அறிவு எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்திருக்கிறது. தேளைப் பற்றிய எந்தப் பேச்சும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

ஆகவே படுக்கையறையில் செந்தேள் இருந்தால் அதோடு இணங்கி வாழ வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. இந்த நிலைப்பாட்டின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. அது எல்லாத் தேளையும், எல்லா நஞ்சுயிரையும் ஒரே தட்டில் வைக்கிறது. நம் ஊரில் மிகுந்த அச்சத்தைக் கிளப்புவது பெரிய கருந்தேள். நட்டுவாக்காலி என்று பல ஊர்களில் சொல்வதும் இதையே. நண்டுபோல் பருத்த கொடுக்கும் உள்ளங்கையை நிறைக்கும் உடலும் பார்க்கவே பதற வைக்கும். கொட்டினால் கடுமையாக வலிக்கும். ஆனால் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போவது மிக அரிது. மெலிந்த கொடுக்கும் தடித்த வாலும் உள்ள சிறிய செந்தேளே ஆபத்தானது. அதைப் பார்த்து 'சின்னத் தேள்தானே' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் பருமனை வைத்து அச்சத்தை அளக்கும் பழக்கம் இங்கே உயிருக்கே உலை வைக்கிறது.

பூரானின் நிலை இடைப்பட்டது. அது வாயால் கடிப்பதில்லை. முதல் இணைக் கால்களே நஞ்சுக் கொக்கிகளாக மாறியிருக்கின்றன. ஒரு கணுவுக்கு ஓரிணைக் கால் இருந்தால் பூரான், இரண்டிணை இருந்தால் மரவட்டை. மரவட்டை வேட்டையாடுவதில்லை, மக்கிய இலையைத் தின்று வாழ்கிறது. இலங்கைத் தமிழில் மட்டத்தேள் என்று சொல்லப்படும் பெரிய பூரானின் கடி தீயாய் எரியும், வீங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். மரணம் மிகமிக அரிது. காதுக்குள் புகுந்துவிடும் என்ற அச்சம் பரவலானது. ஆனால் பூரான் தேடுவது ஈரத்தை. அதன் உடல் நீரை எளிதில் இழந்துவிடும். அதனால்தான் மழைக்காலத்திலும் குளியலறை வடிகாலின் அருகிலும் அதைக் காண்கிறோம்.

சிலந்தியைப் பொறுத்தவரை, கொல்ல வேண்டும் என்ற வாதம் சான்றுகளின் முன் மிகவும் தளர்ந்துபோகிறது. ஆஸ்திரேலியாவில் கடித்த சிலந்தியைக் கையோடு பிடித்து அடையாளம் கண்ட 750 கடிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2002-இல் வெளியானது. அவற்றில் ஒன்றுகூட அழுகும் புண்ணாக மாறவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலிருந்து இன்னும் வியப்பான செய்தி வந்தது. தசையை அழுகச் செய்யும் நஞ்சுடைய பழுப்புச் சிலந்திகள் 2,055 ஒரே வீட்டில் ஆறு மாதத்தில் பிடிக்கப்பட்டன. அங்கே பல ஆண்டுகளாக வாழ்ந்த குடும்பத்தில் எவரையும் அவை கடித்ததாகத் தெரியவில்லை. இவை வேறு நாட்டுச் சிலந்திகள் என்பதை மறக்கக் கூடாது. இங்குள்ள எல்லாச் சிலந்திக்கும் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் புலிமுகச் சிலந்தி என்று அச்சத்தோடு சொல்லப்படும் மரச்சிலந்தி கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கும். ஆனால் தமிழக வீடுகளின் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வலை பின்னாமல், வட்டமான முட்டைப் பையை வயிற்றுக்கடியில் சுமந்து திரியும் அந்தப் பெரிய சுவர்ச் சிலந்தி வேறு. கரப்பான் வேட்டையே அதன் பிழைப்பு. பிடித்து அழுத்தினாலொழியக் கடிப்பதில்லை. கடித்தாலும் வலியும் சிறு வீக்கமுமே மிஞ்சும்.

அடித்ததால் வரும் புண்

கொல் என்ற விடை நேரடியாகவே கேடு செய்யும் இடம் ஒன்று உண்டு. அது பரவலாகத் தெரியவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

நெல் வயல்களில் பீடரஸ் என்ற சிறு வண்டு இருக்கிறது. நீளம் ஒரு சென்டிமீட்டரைத் தொடாது. ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்ட மெலிந்த உடல். நடுவில் நீலச்சாயல் மின்னும் குட்டையான சிறகுறை. முதல் பார்வைக்கு நீண்ட எறும்பு என்றே தோன்றும். இதுவும் வேட்டைப் பூச்சிதான். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகளைத் தின்னும், உழவருக்கு நண்பன். மழைக்குப் பின்னும் அறுவடைக் காலத்திலும் விளக்கொளியை நாடி வீட்டுக்குள் பறந்து வரும்.

இது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று தட்டி நசுக்குகிறோம். அப்போது அதன் உடல்நீரில் உள்ள பீடரின் என்ற நச்சு தோலில் படுகிறது. உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்துத் தோல் சிவந்து, கோடுபோல் நீண்டு, கொப்புளம் கட்டி எரியும். முழங்கையின் மடிப்பில் பட்டால் மடிப்பின் இருபுறமும் ஒன்றைப் பார்த்து ஒன்று வார்த்ததுபோல் இரண்டு புண் வரும். அதே விரலால் கண்ணைத் தேய்த்தால் கண் வீங்கும். நசுக்கியதற்கும் கொப்புளத்துக்கும் இடையே ஓர் இரவு கடந்துவிடுவதால் யாரும் வண்டை நினைப்பதில்லை. சிலந்தி மேல் பழி விழுகிறது. அல்லது அக்கி என்று எண்ணி அக்கி எழுதப் போகிறார்கள். அந்த நச்சை வண்டு தானே உண்டாக்குவதில்லை, அதனுள் வாழும் பாக்டீரியாவே உண்டாக்குகிறது என்பதற்கான மரபணுச் சான்று 2002-இல் வெளியானது.

இந்த வண்டு மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுவது, தாளில் ஏற்றி வெளியே விடுவது, பட்ட இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவுவது, இரவில் சன்னலோர விளக்கை அணைப்பது: இதுவே மருத்துவர்கள் சொல்வது. அடி என்ற பழக்கத்துக்கு எதிரான மிகத் தெளிவான சான்று இந்த வண்டு என்றே தோன்றுகிறது.

அதுபாட்டுக்கு இருக்கட்டும்

விட்டுவிடலாம் என்ற நிலைப்பாடு நமக்குப் புதியதன்று. மண்குளவி வீட்டில் கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று சொல்லி அதை இடிக்காமல் விட்ட வீடுகள் ஏராளம். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற பழமொழியும் அந்தக் கூட்டைப் பார்த்தே பிறந்தது. குரு சீடனைத் தன்னைப்போல் ஆக்குவதற்கு உவமையாக வேதாந்திகள் இதை எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் குளவி செய்வது வேட்டை. சிலந்தியையோ புழுவையோ கொட்டிச் செயலிழக்கச் செய்து, உயிரோடு அறைக்குள் அடைத்து, அதன்மேல் ஒரு முட்டை இடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு அதைத் தின்று வளர்ந்து கூட்டை உடைத்து வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. பார்த்தது சரி, விளக்கமே தவறு.

இன்று இந்த நிலைப்பாட்டுக்குக் கிடைத்திருக்கும் அறிவியல் வலு வயலிலிருந்து வந்தது. 1970களின் இறுதியில் பிலிப்பைன்ஸ் நெல் வயல்களில் ஆய்வு செய்த பீட்டர் கென்மோர், பூச்சிமருந்து சிலந்திகள் முதலான வேட்டையாடிகளைக் கொல்வதாலேயே புகையான் என்ற தத்துப்பூச்சி பெருகுகிறது என்று காட்டினார். 1986-இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்ததற்குப் பின்னால் இந்த அறிவு இருந்தது. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் டன்ஸ்டன் அம்புரோஸ் கொலைகார நாவாய்ப்பூச்சிகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 'அசாசின் பக்ஸ்' என்ற அவரது நூல் 1999-இல் வெளிவந்தது. பருத்தியையும் நிலக்கடலையையும் தின்னும் புழுக்களுக்கு எதிராக இந்த நாவாய்ப்பூச்சிகளை வளர்த்து விடுவதில் அக்கல்லூரி ஆய்வாளர்கள் தொடர்ந்து உழைத்திருக்கிறார்கள்.

ஆனால் வயலில் மெய்யானது வீட்டிலும் மெய்யாக வேண்டும் என்பதில்லை. வயலில் வேட்டையாடி ஆயிரக்கணக்கில் இருக்கும், இரையும் அப்படியே. சமையலறையில் ஒரு சிலந்தி வாரத்துக்குச் சில கரப்பான்களைத் தின்பதால் கரப்பான் கூட்டம் ஒழிந்துவிடாது. கரப்பானைப் பெருக்குவது சாக்கடையும் மூடாத குப்பைக்கூடையும்தாம். வீட்டுச் சிலந்தியைப் 'பூச்சிக் கட்டுப்பாட்டு ஊழியர்' போலப் புகழ்வது மிகை. அதைவிட, வேட்டைப் பூச்சி அடிக்கடி வருகிறது என்றால் வீட்டில் இரை இருக்கிறது என்று படிப்பதே பயனுள்ளது.

உயிரினப் பாதுகாப்பு சார்ந்த வாதமும் உண்டு. இராமேசுவரத்தையும் அதை அடுத்த கரையோரத்தையும் வாழிடமாகக் கொண்ட மரச்சிலந்தி ஒன்றுக்கு அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயர் 2004-இல் சூட்டப்பட்டது. அழிவின் விளிம்பில் உள்ள உயிராகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைப் பட்டியலிட்டிருக்கிறது. தோப்பும் பழைய மரமும் அழிவதே அதற்குப் பெரும் கேடு. அந்தப் பகுதியில் வீட்டுக்குள் வரும் பெரிய சிலந்தியைப் பார்த்தவுடன் அடிப்பதற்கு முன் ஒரு கணம் நிற்பது நியாயமே.

மூக்கைப் பார்த்து அறிவது

கொலைகார நாவாய்ப்பூச்சிக் குடும்பத்தில் சுமார் 7,000 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை மற்றப் பூச்சிகளை உறிஞ்சி வாழ்பவை. ஒரு சிறு கிளை மட்டும் முதுகெலும்புள்ள உயிர்களின் இரத்தத்துக்கு மாறிவிட்டது. அமெரிக்கக் கண்டத்தில் சாகாஸ் நோயைப் பரப்புவது இந்தக் கிளைதான். 1909-இல் கார்லோஸ் சாகாஸ் அந்த நோயைக் கண்டறிந்தார்.

அதே 1909-இல் சென்னையிலும் ஒன்று நடந்தது. காலா அசார் நோயின் கிருமியைக் கண்டவர்களில் ஒருவரான சார்லஸ் டோனவன், எலி நடமாடும் வீடுகளில் வாழும் இரத்தம் உறிஞ்சி நாவாய்ப்பூச்சி ஒன்றின் குடலில் ஒரு நுண்ணுயிரை விவரித்தார். காலா அசாரைப் பரப்புவது இந்தப் பூச்சியாக இருக்கலாம் என்றும் ஐயுற்றார். அந்த ஐயம் தவறு. பரப்புவது மணல் ஈ என்று 1940களில் உறுதியானது. ஆனால் அந்த நாவாய்ப்பூச்சி இன்றும் நம் ஊர்களில் இருக்கிறது. கருமையான உடலின் ஓரம் முழுக்கச் செம்மஞ்சள் கோடு. நீளம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சிலருக்கு அதன் கடி கடும் ஒவ்வாமையைக் கிளப்பும்.

வேட்டைக்காரனையும் இரத்தம் உறிஞ்சியையும் பிரித்தறிய ஒரு வழி மூக்கு. பூச்சியை வேட்டையாடும் இனங்களின் உறிஞ்சுகுழல் தடித்து, வில்போல் வளைந்திருக்கும். இரத்தம் உறிஞ்சுவதன் குழல் மெலிந்து, நேராக, தலைக்கடியில் மடிந்து கிடக்கும். இதை அறியாமல் அச்சம் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1899-இன் அமெரிக்கா சாட்சி. வாஷிங்டன் செய்தித்தாள் ஒன்றில் 'முத்தமிடும் பூச்சி' உதட்டைக் கடிக்கிறது என்று வந்த செய்தி நாடெங்கும் பரவி, எந்த வீக்கமும் அதன் கணக்கில் எழுதப்பட்டது. பூச்சியியலாளர் எல். ஓ. ஹோவர்ட் அவ்வாண்டே கட்டுரை எழுதி அந்தப் பதற்றத்தை ஆராய வேண்டியதாயிற்று.

மருந்தும் அடைப்பும்

மருந்தடிப்பு என்ற விடையைச் சுருக்கமாகவே மதிப்பிடலாம். பகலில் விரிசலுக்குள் முடங்கிக் கிடக்கும் தேளை அது எட்டுவது கடினம். நீண்ட காலில் உடலைத் தூக்கி நடக்கும் சிலந்தியில் தரையில் காய்ந்த மருந்து குறைவாகவே படும். போர்னியோவில் மலேரியாவுக்காக டிடிடி அடித்த வீடுகளில் கூரை ஓலையைத் தின்னும் புழு பெருகியது. அந்தப் புழுவைக் கட்டுக்குள் வைத்திருந்த சிறு குளவிகளை மருந்து கொன்றதே காரணமாகச் சொல்லப்பட்டது. குழந்தை தவழும் தரையில் நஞ்சைத் தெளித்துத் தேளைத் தடுப்பது, பலன் குறைந்த பேரம்.

அடைப்பே இவற்றுள் மிகப் பழையதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும். கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை, வடிகாலுக்கு நெருக்கமான ஜாலி, சுவரையொட்டிக் குவித்த செங்கலையும் விறகையும் அகற்றுவது, கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவது, செருப்பையும் கொடியில் காய்ந்த துணியையும் உதறுவது. புற ஊதா விளக்கின் ஒளியில் தேள் பச்சையாக ஒளிரும் என்பதால், தேள் மிகுந்த பகுதியில் இரவில் ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். இந்த விடையின் பலவீனம் அறிவியல் சார்ந்ததன்று, பொருளாதாரம் சார்ந்தது. ஓட்டு வீட்டிலும் மண் சுவரிலும் கூரைக் குடிசையிலும் தரையில் படுத்துறங்கும் குடும்பம் எதை அடைப்பது? செந்தேள் மிகுதியாகக் கொட்டுவது அவர்களைத்தான்.

தீராதவை

தனித்தனி உயிரைப் பொறுத்தவரை விடை ஓரளவு தெளிவு. செந்தேளை வீட்டில் விடக் கூடாது. கொட்டியவரை, சிறப்பாகக் குழந்தையை, வெங்காயம் தேய்ப்பதிலும் மந்திரிப்பதிலும் நேரம் கழிக்காமல், கொட்டிய இடத்தை அறுக்காமல், இறுக்கிக் கட்டாமல், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பீடரஸை நசுக்கக் கூடாது. சுவர்ச் சிலந்தியை ஒரு கிண்ணத்தால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளியே விடலாம். விடாமல் வைத்திருந்தாலும் கேடில்லை. பூரானை நீண்ட இடுக்கியால் அகற்றலாம். தூங்கும் அறையில் என்றால் கொல்பவரைக் குறை சொல்ல இடமில்லை.

தெளிவில்லாதவை பெரியவை. டோனவன் கண்ட நாவாய்ப்பூச்சியால் சாகாஸ் நோய்க் கிருமியைச் சுமக்க முடியும் என்று ஆய்வகம் காட்டியிருக்கிறது. உலகெங்கும் மனிதர் பயணிக்கும் காலத்தில் அது எந்த அளவுக்குக் கவலைக்குரியது என்பது விவாதத்தில் இருக்கிறது. நகரமயமாதல் செந்தேளை விரட்டுகிறதா, புறநகரின் கட்டடக் குவியல்களுக்கு இடம் மாற்றுகிறதா என்பதும் ஆராயத் தக்கது.

அமெரிக்காவின் ராலே நகரில் 50 வீடுகளைக் குடைந்து பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பூச்சிகளைச் சேகரித்த ஆய்வு 2016-இல் வந்தது. வலைச் சிலந்திகள் இல்லாத வீடு அதில் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒரு கணக்கெடுப்பு தஞ்சைக் கூரை வீட்டிலும் சென்னை அடுக்ககத்திலும் யாழ்ப்பாணக் கல்வீட்டிலும் வேண்டும். அதைவிட எளிதாகத் தொடங்கக்கூடியது மருத்துவமனைப் பதிவேடு. காணாக்கடி என்ற சொல் அங்கே 'அன்நோன் பைட்' என்று உடை மாற்றிக்கொண்டு இன்னும் வாழ்கிறது. அந்தக் கட்டத்தில் ஓர் இனத்தின் பெயர் ஏற வேண்டுமானால், கடித்ததை மிதித்துச் சிதைக்காமல் ஒரு பாட்டிலில் போட்டோ, கைபேசியில் படமெடுத்தோ நோயாளியோடு யாராவது கொண்டுபோக வேண்டும். அதை அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும்.